ஒன்றாம் வகுப்பில் மறுபடி சேர்ந்த அப்பா

காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிற பெற்றோரை மூன்று இனமாகப் பிரிக்கலாம். பிள்ளையின் கையை விட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிடுகிறவர்கள் முதல் இனம். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பிள்ளை வகுப்பறைக்குள் போய் மறைகிற வரை கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மறைந்த பிறகும் கையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டாம் இனம். இவர்களாலும் தொந்தரவில்லை, காவலாளி கதவைச் சாத்தக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. உடம்பு மட்டும் வேலைக்குப் போகும். ஆள் உள்ளே போய் ஒன்றாம் வகுப்பில், முதல் பெஞ்சில், ஆசிரியைக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிடுவார். பிள்ளையைச் சேர்த்த அன்றைக்கே தானும் சேர்ந்துகொண்ட அப்பா இவர். அம்மாக்களிலும் இந்த இனம் உண்டு. நம் கையில் சிக்கியிருப்பது ஓர் அப்பா என்பதால் அவரையே உட்காரவைத்துப் பார்ப்போம்.

நம்மவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, செருப்புக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் கடை. நாற்பதை நெருங்கும் வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, அதில் ஒன்று சிவப்பு. பெயர் கடை உரிமத்தில் இருக்கிறது. மற்ற பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ‘மாத்திரை’. மாத்திரை விற்பதால் வந்த பெயர் என்று அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பெயர் வந்தது ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை பத்தொன்பது வருடமாக அதே வகுப்பில் இருப்பவர். மெல்லப் பேசுவார், அதனாலேயே அறை அமைதியாகிவிடும். இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்கப் போனிக்ஸ் முறையில் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்றார். எழுத்துக்குப் பெயர் வேறு, சத்தம் வேறு. ‘சி’ என்பது பெயர். சொல்லுக்குள் போனால் அது ‘க்’ என்று சத்தம் போடும். சி, ஏ, டி என்று பெயர்களை வரிசையாகச் சொன்னால் அதிலிருந்து பூனை எப்படி வரும்? சத்தங்களைச் சேர்த்துச் சொன்னால் பூனை தானாக வந்துவிடும். விஷயம் இவ்வளவுதான். மற்ற பெற்றோர் தலையாட்டிவிட்டு மணி பார்த்தார்கள். நம்மவர் மட்டும் இடி விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்துக்கும் மேலாகத் தன்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டார். ஒலியின் நீளத்தை அளக்க இலக்கணத்தில் மாத்திரை என்று ஓர் அளவு இருக்கிறதே, அதன்படி ‘ம்’ என்ற சத்தத்தை வீட்டில் எத்தனை மாத்திரை நீட்ட வேண்டும்? அரையா, ஒன்றா? காலையிலும் மாலையிலும் ஒரே அளவா? கடைசி வரிசையில் யாரோ, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று முணுமுணுத்தார்கள். அந்தக் கணத்தில் பெயர் விழுந்தது.

ஒரு மணி நேரம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த மணி நேரத்திலேயே அதில் நிபுணராகிவிடுவது இந்த இனத்தின் முதல் அடையாளம். வீடு திரும்பும் வழியிலேயே நம்மவருக்கு ஞானம் முற்றிவிட்டது. இரண்டு நாளில் எழுத்து அட்டைகள் வந்தன. மூன்றாம் நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ‘ப்’ இரண்டு வகை. ஒன்றைச் சொன்னால் வாய்க்கு முன்னால் பிடித்த காகிதம் ஆட வேண்டும், மற்றதைச் சொன்னால் ஆடக் கூடாது என்று எங்கோ பார்த்தார். ஏணி இரவல் கேட்டு வந்த மைத்துனனை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்குக்கு நேரே ஒரு பில் காகிதத்தைப் பிடித்து, சொல்லு என்றார். அவனும் சொன்னான். காகிதம் ஆட வேண்டிய இடத்தில் ஆடவில்லை, ஆடக் கூடாத இடத்தில் ஆடியது. பட்டம் வாங்கி என்ன பயன் என்று கேட்டார். மைத்துனன் ஏணி இல்லாமலே போய்விட்டான்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிப் பார்வையைச் சோதிப்பவர். ஒருநாள் நம்மவர் அவரிடம், இனிமேல் உன் நோயாளிகளை எழுத்தின் பெயரைச் சொல்ல விடாதே, சத்தத்தைச் சொல்லவை என்று யோசனை சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அவங்களுக்குக் கண்ணு தெரியுதான்னுதான் நான் பாக்கணும். வாய் வேலை செய்யுதான்னு இல்ல.”

இத்தனைக்கும் காரணமான மகளுக்கு ஐந்தரை வயது. பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்ததால் வீட்டில் புள்ளி என்று கூப்பிடுவார்கள். புள்ளிக்கு இந்தச் சத்தங்கள் பிடித்துப்போயின. ‘ஸ்ஸ்’ என்றால் சைக்கிள் சக்கரத்தில் காற்று போவது. ‘ம்ம்’ என்றால் அம்மா போனில் பெரியம்மாவிடம் பேசுவது. பூனை என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஆவுக்கும் ஏவுக்கும் இடையே ஆட்டுக்குட்டியின் குரலில் ஒரு சத்தம் வருமே, நம் எழுத்தில் அதை எழுத வழியில்லை, அது வந்தால் வீடு முழுக்க அதைக் கத்திக்கொண்டே ஓடுவாள். ஒருநாள் குளியலறையிலிருந்து ஈரத்தோடு வெளியே வந்து, சோப்பு உறையில் இருந்த ஒரு சொல்லை மூன்று சத்தமாகப் பிரித்து, சேர்த்து, தானே படித்துவிட்டாள். யாரும் படிக்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கதை அங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

ஆனால் நம்மவர் கையில் சிவப்புப் பேனா இருந்ததே. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஏறியது. மாலையில் இருபது நிமிடம். சரியாகப் பிரித்துச் சொன்னால் பச்சைப் பொட்டு, தவறினால் சிவப்புப் பொட்டு. தெரிந்த சொல்லாக இருந்தாலும் எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு சத்தமாக இறங்கித்தான் வர வேண்டும். மாடியிலிருந்து குதித்துவிட்டால் படிக்கட்டு எதற்கு என்பது அவர் வாதம். கத்தி என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தது. புள்ளி அதன் முதல் எழுத்தைச் சுண்டுவிரலால் தொட்டு, “இது ஏன்பா சும்மா நிக்குது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சும்மாதான் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். நம்மவர் அந்த எழுத்தின் ஆயிரம் வருட வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முந்நூறாவது வருடத்துக்கு வருவதற்குள் அவள் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

எல்லாவற்றையும்விட அவரை உறுத்தியது படங்கள்தான். பள்ளி நூலகத்திலிருந்து புள்ளி ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். யானை இருக்கும் பக்கத்தில் எழுத்தைப் பார்க்காமலே யானை என்றாள். இது படிப்பா, ஊகமா? ஊகம் என்பது திருட்டுக்குச் சமம் என்று அவர் தீர்ப்பு எழுதி, கடையில் மருந்துப் புட்டிகளில் ஒட்ட வைத்திருந்த லேபிள்களை எடுத்துவந்து எல்லாப் படங்களையும் மூடிவிட்டார். யானையின் முகத்தில் ‘உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்’. சிங்கத்தின் வயிற்றில் ‘உணவுக்குப் பின்’. குளத்தில் நீந்திய மூன்று வாத்துகளுக்கும் சேர்த்து, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’.

புத்தகம் அப்படியே பள்ளிக்குத் திரும்பியது. இரண்டு நாளில் ஆசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது.

நம்மவர் சும்மா போகவில்லை. பதினேழு குறைகளை எண் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனார். வகுப்பில் சில சொற்களைப் பிரிக்காமல் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்குவது ஏன்? ஆசிரியை ஒரு சத்தத்தின் முடிவில் லேசாக உகரம் சேர்ப்பதாகப் பிள்ளை சொல்கிறதே, உண்மையா? இப்படிப் பதினேழு. பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் காதுக்கு வர உட்கார்ந்து தாளை நீட்டினார். ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்து, பதினோராம் குறையில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு லேபிள் ஒட்டிய புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு வாரமா உங்க பொண்ணு வாயத் திறக்கல சார். அவ முறை வந்தா, படத்த உள்ளங்கையால மூடிட்டுச் சும்மா உக்காந்திருக்கா.”

உண்மையைச் சொன்னால், படத்தை மூடுகிறாள் என்றதும் நம்மவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது. ஆசிரியை அதைக் கவனித்தாரோ என்னவோ, கொஞ்சம் நிறுத்தித்தான் மீதியைச் சொன்னார்.

“ஏம்மான்னு கேட்டேன். படிச்சாத்தான சிவப்பு வரும், படிக்கலன்னா வராதுன்னு சொன்னா.”

நம்மவர் பதினேழு குறைகளையும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் இந்த இனத்தின் இரண்டாம் அடையாளம். மனசு நொந்தாலும் முறை தவறாது என்று நம்புவார்கள். பிள்ளைக்குப் பயம் என்றால் பயிற்சியைக் கூட்ட வேண்டும். அரை மணி நேரமாக்கிப் பார்க்கலாமா என்றுகூட வாசல் வரும்வரை யோசித்தார்.

மறுநாள் மனைவிக்கு மாலை முறை வேலை. புள்ளி பள்ளிவிட்டு நேரே கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மருந்துச் சீட்டோடு வந்தார். இங்கே நம்மவரின் தொழில் திறமையைச் சொல்லியாக வேண்டும். கோழி கிளறினாற்போல் எழுதும் மருத்துவர்களின் கையெழுத்தைக்கூட, முதல் எழுத்தையும் வாலையும் பார்த்து, நோயாளியின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் மருந்தை எடுத்து வைத்துவிடுவார். அன்று வந்ததோ புதிய கிளினிக்கின் சீட்டு. கணினியில் அச்சடித்து முத்துமுத்தாக இருந்தது. இதையெல்லாம் படிப்பார்களா? ஓரக்கண்ணால் பார்த்தார், கை தானாக அலமாரிக்குப் போனது, பெட்டி கல்லா மேசைக்கு வந்துவிட்டது.

புள்ளி காலாட்டுவதை நிறுத்தினாள்.

“நீங்க ஏன்பா ஒவ்வொண்ணாச் சொல்லல?”

“அப்பாவுக்குப் பாத்தாலே தெரியும்மா.”

“எனக்கும்தான் யானை பாத்தாலே தெரியுது.”

ஓட்டுநர் சிரித்தார். நம்மவரும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சில்லறை எடுக்கத் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் மெல்லிய சத்தம் கேட்டது. க், உடனே ஓர் உயிர், ஒரு ட். இரண்டு வாரமாக வகுப்பில் கேட்காத சத்தம். பெட்டியின் மேல் ஒரு விரலும் சீட்டின் மேல் ஒரு விரலும் வைத்துக்கொண்டு, புள்ளி இரண்டையும் மாற்றி மாற்றி இறங்கிக்கொண்டிருந்தாள்.

“இதுல கடைசில ‘ன்’ இருக்குப்பா. பேப்பர்ல ‘ல்’ இருக்கு.”

நம்மவர் குனிந்து பார்த்தார். சீட்டில் இருந்தது வயிற்றுப் புண்ணுக்கான மருந்து. அவர் எடுத்து வைத்தது இதயத் துடிப்பைக் குறைப்பது. ஒரே மாதிரி ஆரம்பித்து, ஒரே நீளத்தில் போய், கடைசி எழுத்தில் மட்டும் பிரிகிற இரண்டு பெயர்கள். அலமாரியில் பக்கத்துப் பக்கத்து வீடு. பையில் போடும் முன்னால் எப்படியும் மறுபடி பார்த்திருப்பேன் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். பார்த்திருப்பார், நம்புவோம். ஆனால் அன்றைக்கு அவர் பெட்டியை மாற்றி எடுத்து, சீட்டின் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை ஒப்பிட்டதை ஓட்டுநர் கவனித்தார். சரியான பெட்டியில் இருந்த பெயரை, கடை நடுவில் நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒவ்வொரு சத்தமாக வாய்விட்டுச் சொன்னார் நம்மவர். ஓட்டுநர் மரியாதையாகக் காத்திருந்தார்.

ஆள் போன பிறகு நம்மவர் மகளுக்கு எதிரே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவளைப் பாராட்ட வேண்டும் என்று தோன்றியது. பச்சைப் பொட்டு என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, கால் வலிக்குதா, இறக்கிவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அட்டவணை இறங்கியது. மனைவி அந்த இடத்தில் காய்கறிப் பட்டியலை ஒட்டினார். பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து நம்மவர் லேபிள்களை உரித்துப் பார்த்தார். யானை தப்பித்தது, சிங்கத்துக்கு வயிறு போய்விட்டது. புதுப் பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போய், அதைக் கொடுத்துவிட்டு, இனி என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் கேட்டார்.

சத்தமும் வேண்டும், படமும் வேண்டும் என்றார் ஆசிரியை. படித்தது சரிதானா என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளத்தான் படம் இருக்கிறது. பிறகு, மருந்துக்கடைக்காரருக்கு விளங்கும் பாஷையில் ஒரு சீட்டும் கொடுத்தார்.

“பத்து நாளைக்கு, சாயங்காலம் ஒரு வேளை. பக்கத்துல உக்காருங்க. வாயத் திறக்காதீங்க.”

மற்றவர்களுக்கு ஆயிரம் சீட்டு விளக்கிய மனிதர், தனக்கு வந்த சீட்டைச் சாப்பிட்ட கதையைக் கேளுங்கள். முதல் நாள் புள்ளி படிக்கவே இல்லை. ஆசிரியை வேறு புத்தகம் கொடுத்தனுப்பியிருந்தார், அதைத் திறந்து படம் பார்த்தாள். இரண்டாம் நாள் படம் பார்த்துக்கொண்டே அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. நம்மவர் பற்களைக் கடித்தார், தொடையைக் கிள்ளினார், மனைவியைப் பார்த்தார். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் அவளாக ஆரம்பித்தாள். வீடு தேடி அலைந்த ஒரு குரங்கின் கதை அது. ஒரு வரி, இரண்டு வரி, ஒழுங்காக வந்தது. சில சொற்களில் படி இறங்கினாள், சிலவற்றில் குதித்தாள். நான்காவது பக்கத்தில், குரங்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது என்று இருந்தது. ஆங்கிலத்தில் வீட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். புள்ளி வீட்டைக் குதிரை என்று படித்தாள். குரங்கு குதிரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

இந்த இடத்தில் நம்மவருடைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொண்டைக்குள் சரியான சொல் வந்து நின்றுகொண்டு கதவைத் தட்டுகிறது, கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தேடுகிறது, காது சிவக்கிறது, அந்த ஓர் எழுத்து பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவர் மூக்குமேல் உட்கார்ந்துகொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் சும்மா இருப்பாய் என்று கேட்கிறது. ஒருமுறை வாயைத் திறந்தும்விட்டார். பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

புள்ளி அடுத்த வரிக்குப் போனாள். பாதியில் நின்றாள். படத்தைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

“குதிரைக்குள்ள எப்படிப்பா கதவு இருக்கும்?”

நம்மவர் தோளைக் குலுக்கினார். அந்தத் தோள் குலுக்கலுக்கு அவர் செலவழித்த பலத்தில் இரண்டு மூட்டை சிமெண்டைத் தூக்கியிருக்கலாம்.

அவள் விரலைப் பின்னால் கொண்டுபோனாள். அந்தச் சொல்லின் முதல் எழுத்தில் வைத்தாள். சத்தம் சத்தமாக இறங்கினாள், நடுவில் நின்றாள், மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். பிறகு வாய் காதுவரை விரிந்தது.

“வீடு. குரங்கு வீட்டுக்குள்ளதான் போகுது.”

பக்கத்தைத் திருப்பி, யாரையும் பார்க்காமல், கதை எங்கே போகிறதென்று பார்க்கிற அவசரத்தில் கடகடவென்று படித்துக்கொண்டே போனாள். முடித்துவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை.

ஆள் குணமாகிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை பேசி முடித்ததும் நம்மவர் எழுந்தார். பிள்ளை படிக்கும்போது பெற்றோர் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை, படிப்படியாக, தோளை எந்த உயரத்துக்குக் குலுக்க வேண்டும் என்பது உட்பட, முப்பத்தைந்து நிமிடம் விளக்கினார். நடுவில் பேச வாயெடுத்த இரண்டு அம்மாக்களைக் கையமர்த்தி, பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன் என்றார். ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்தபோது எங்கேயோ ஓரிடத்தில், இங்கே ஒற்று மிக வேண்டும், அல்லது மிகக் கூடாது, இதை எழுதிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று உங்கள் கண் சற்று நின்றதல்லவா? பக்கத்தில் பென்சில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். முதல் பெஞ்சில் இடம் இருக்கிறது. நாற்காலி மட்டும் கொஞ்சம் சின்னது.